பொட்டாசியம் திரும்பிய பின்

ரத்தத்தில் பொட்டாசியம் 2.4 என்று வந்தவருக்கு இரண்டு நாள் டிரிப்ஸ் ஏறிய பிறகு 3.8 என்று முடிவு வருகிறது. வீட்டாருக்கு நிம்மதி. கால் தூக்க முடியாமல் வந்தவர் நடக்கிறார், டிஸ்சார்ஜ் சீட்டும் தயாராகிறது. ஆனால் இப்படிப் போகிறவர்களில் சிலர் வாசல்வரை வந்துவிட்டு, 'ராத்திரி நாலஞ்சு தடவ எழுந்திருக்க வேண்டியிருக்கு, தாகமும் அடங்க மாட்டேங்குது' என்று சொல்வதுண்டு. எண் சரியாகிவிட்டதே, இன்னும் ஏன் இந்தத் தொல்லை? ரத்தத்தில் பொட்டாசியம் திரும்புவது ஒரு நிகழ்வு. பற்றாக்குறையில் பல வாரம் கழித்த சிறுநீரகச் செல் பழைய நிலைக்குத் திரும்புவது இன்னொரு நிகழ்வு. இரண்டும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் ஏறக்குறைய 3,500 மில்லிமோல் பொட்டாசியம் இருக்கிறது. அதில் 98 சதவீதம் செல்களுக்குள்தான். செல்லுக்குள் லிட்டருக்கு 140 மில்லிமோல் அளவில் இருப்பது, வெளியே ரத்தநீரில் 3.5 முதல் 5 வரைதான். செல்களுக்கு வெளியே இருப்பது மொத்தமாகச் சேர்த்தாலே 60, 70 மில்லிமோல். ஆய்வகம் அளந்து சொல்வது இந்தச் சிறு பங்கை மட்டும். அந்த அளவு 1 குறைந்திருக்கிறது என்றால் உடல் முழுவதுமாக 200 முதல் 400 மில்லிமோல் வரை இழந்திருக்கக்கூடும். இரண்டு நாள் டிரிப்ஸ் அதை முழுதாக ஈடுகட்டியிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

உள்ளே இவ்வளவு, வெளியே அவ்வளவு என்ற ஏற்றத்தாழ்வைக் கட்டிக்காப்பது செல்சவ்வில் இருக்கும் ஒரு பம்பு. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் நண்டின் நரம்புகளைக் கொண்டு யென்ஸ் ஸ்கூ அதைக் கண்டறிந்து 1957-இல் வெளியிட்டார். நாற்பது ஆண்டு கழித்து, 1997-இல், அதற்காக வேதியியல் நோபல் பரிசு பெற்றார். ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்பு அது. உள்ளே வந்த பொட்டாசியம் தனக்கென்று உள்ள கால்வாய்கள் வழியே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிகிறது. அந்தக் கசிவினால்தான் செல்லின் உட்புறம் எதிர் மின்னழுத்தம் பெறுகிறது. வெளியே பொட்டாசியம் குறைந்தால் கசிவுக்கான சரிவு இன்னும் செங்குத்தாகிறது. உட்புறம் இன்னும் எதிர்மின்னாகிறது. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சிறுநீரகம் பற்றாக்குறையை 'உணர்வது' இதன் வழியாகத்தான்.

சிறுநீரகம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை வடிகட்டுகிறது. அதோடு 700 மில்லிமோலுக்கு மேல் பொட்டாசியமும் இறங்குகிறது. அண்மை சுருள் நுண்குழலும் ஹென்லே வளைவும் அதில் 90 சதவீதம் அளவுக்கு மீட்டுவிடுகின்றன. இந்த மீட்பில் பெரிய மாற்றம் வருவதில்லை. வெளியேற்றுவதா, வைத்துக்கொள்வதா என்ற தீர்ப்பு கடைசிப் பகுதியில் எழுதப்படுகிறது. சேகரிப்புக் குழலின் சுவரில் இரண்டு வகைச் செல்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. முதன்மைச் செல் சோடியத்தை வாங்கிக்கொண்டு பொட்டாசியத்தைச் சிறுநீரில் விடுகிறது. நீரை மீட்பதும் அதன் வேலையே. இடைச்செல் அமிலத்தை வெளியேற்றுகிறது, தேவைப்பட்டால் பொட்டாசியத்தை மீட்டெடுக்கிறது.

இந்தச் சேகரிப்புக் குழலுக்குச் சற்று முன்னால், சேய்மை சுருள் நுண்குழலில், இருக்கும் செல்தான் காவல் பார்க்கிறது. அதன் ரத்தப் பக்கச் சவ்வில் உள்ள பொட்டாசியக் கால்வாய்கள் வெளியே அளவு குறைந்ததும் மின்னழுத்தத்தை மாற்றுகின்றன. உட்புறம் அதிக எதிர்மின்னானதால், எதிர்மின் கொண்ட குளோரைடு செல்லைவிட்டு வெளியேறுகிறது. செல்லுக்குள் டபிள்யூ.என்.கே. என்ற நொதிக் குடும்பம் ஒன்று உண்டு. குளோரைடு அதன்மேல் ஒட்டியிருக்கும்வரை அது அடங்கிக் கிடக்கும். குளோரைடு குறைந்ததும் விழித்துக்கொண்டு, சிறுநீர்ப் பக்கச் சவ்வில் இருக்கும் சோடியம்-குளோரைடு கடத்தியை முடுக்கிவிடுகிறது. சோடியம் இங்கேயே மீட்கப்பட்டுவிட்டால், அடுத்திருக்கும் முதன்மைச் செல்லுக்கு வந்துசேரும் சோடியம் குறையும். மாற்றாக அது வெளியேவிடும் பொட்டாசியமும் குறையும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் டேவிட் எல்லிசன் குழுவினர் 2015-இல் இந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகக் காட்டினார்கள்.

இவ்வளவு நுட்பமான ஏற்பாட்டுக்கும் ஒரு விலை உண்டு. பொட்டாசியத்தைக் காப்பாற்ற உப்பை உடலில் தேக்குகிறது சிறுநீரகம். சாப்பாட்டில் பொட்டாசியம் குறைந்து, கூடவே உப்பும் அதிகமாக இருப்பவருக்கு ரத்த அழுத்தம் ஏறுவதற்கு இது ஒரு வழி. பழம், காய், பருப்பு குறைந்து, ஊறுகாயும் பொட்டலத் தின்பண்டமும் பெருகிய இன்றைய சாப்பாடு அந்தக் காவல் செல்லை ஓயாமல் பற்றாக்குறை நிலையிலேயே வைத்திருக்கிறது என்பது என் எண்ணம். சீனக் கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில், சமையல் உப்பில் நான்கில் ஒரு பங்கை பொட்டாசியம் குளோரைடாக மாற்றியபோது பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது; 2021-இல் முடிவு வெளியானது. ஆனால் சிறுநீரகம் பழுதடைந்தவர்களும், பொட்டாசியத்தைத் தக்கவைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அந்த உப்பைத் தொடக்கூடாது.

மறுபடி அந்தக் காவல் செல்லுக்கு வருவோம். அங்கே திருத்தம் மிக வேகமாக நடக்கிறது. சுண்டெலிகளுக்கு வாய்வழியாகப் பொட்டாசியம் கொடுத்தவுடன், 15 நிமிடத்தில் சோடியம்-குளோரைடு கடத்தியை முடுக்கியிருந்த பாஸ்பேட் முத்திரைகள் உதிர்ந்து அது அடங்கியதை 2013-இல் அளந்து காட்டினார்கள். முத்திரை குத்துவதும் நீக்குவதும்தான் இங்கே நடந்தது. எதையும் கட்டவில்லை, இடிக்கவில்லை. அதனால்தான் அந்த வேகம்.

பற்றாக்குறை நாட்கணக்கில் நீடித்தால் கட்டுமானம் தொடங்கிவிடுகிறது. எலிகளில் இதை மிகத் தெளிவாகப் பார்க்கலாம்: சேகரிப்புக் குழல், முக்கியமாகச் சிறுநீரகத்தின் உள்ளடுக்கான அகணியின் வெளிப்பகுதியில், தடித்துப் பெருக்கிறது, செல்கள் பெரிதாகின்றன, எண்ணிக்கையும் கூடுகிறது, சிறுநீரகத்தின் எடையே ஏறுகிறது. இடைச்செல்களின் சிறுநீர்ப் பக்க முகம் மடிப்பு மடிப்பாக விரிகிறது. ஹைட்ரஜனை வெளியே விட்டுப் பொட்டாசியத்தை உள்ளே வாங்கும் பம்புகள் அங்கே கூடுகின்றன. சிறுநீரில் நழுவும் கடைசி மில்லிமோலையும் பிடிக்க இந்த ஏற்பாடு. பொட்டாசியம் ஒன்றைப் பிடிக்க அமிலம் ஒன்றை விட வேண்டியிருப்பதால் உடலிலிருந்து அமிலம் போய்க்கொண்டே இருக்கிறது. ரத்தம் காரப்பக்கம் சாய்கிறது.

இன்னொரு முனையில், அண்மை சுருள் நுண்குழலின் செல்லுக்கு இதற்கு நேர்மாறான அனுபவம். பொட்டாசியம் வெளியேறிய இடத்தில் ஹைட்ரஜன் புகுந்து அந்தச் செல்லின் உட்புறம் அமிலமாகிறது. உடல் முழுவதும் அமிலம் கூடிவிட்டதாக எடுத்துக்கொண்டு, அது குளூட்டமினை உடைத்து அமோனியா உண்டாக்கத் தொடங்குகிறது. உண்மையில் ரத்தமோ காரமாக இருக்கிறது. கல்லீரல் சுருங்கிய நோயாளிக்குப் பொட்டாசியம் குறைந்தால் மனக்குழப்பமும் மயக்கமும் வருவதற்கு இந்த அமோனியாவும் ஒரு காரணம். நீர் மாத்திரை சாப்பிடும் கல்லீரல் நோயாளிகளின் பொட்டாசியத்தை அடிக்கடி பார்க்கச் சொல்வது அதனால்தான்.

அமோனியா சிறுநீரகத்தையும் சும்மா விடுவதில்லை. 1987-இல் டோலின்ஸ், ஹோஸ்டெட்டர் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். பொட்டாசியம் இல்லாத உணவு தின்ற எலிகளில் ஒரு பகுதிக்குச் சோடியம் பைகார்பனேட் கொடுத்து அமோனியா உற்பத்தியைத் தணித்தார்கள். அந்த எலிகளின் நுண்குழல்களில் சேதம் குறைவாக இருந்தது. அமோனியா தேங்கிய இடத்தில் உடலின் நோயெதிர்ப்புப் புரதம் ஒன்று தூண்டப்பட்டு, அழற்சி அங்கே வேர்விடுகிறது என்பது அவர்கள் கண்ட விளக்கம். பற்றாக்குறையைச் சமாளிக்கச் செல் எடுத்த நடவடிக்கையே காலம் நீளும்போது காயமாக மாறுகிறது. இந்தத் துறையில் என்னை மிகவும் யோசிக்க வைத்த சோதனை இது.

இனி அந்த இரவுத் தாகத்துக்கு வருவோம். முதன்மைச் செல்லின் சவ்வில் அக்வாபோரின்-2 என்ற நீர்வழிப் புரதம் இருக்கிறது. மூளையிலிருந்து வரும் வாசோபிரெசின் என்ற ஹார்மோன் கட்டளையிட்டால் இந்தப் புரதங்கள் சவ்வுக்கு நகர்ந்து நீரை உடலுக்குள் மீட்கின்றன; சிறுநீர் அடர்த்தியாகிறது. பொட்டாசியம் குறைந்த எலிகளில் இந்தப் புரதத்தின் கதி என்ன என்று 1996-இல் மார்ப்பிள்ஸ் குழுவினர் பார்த்தார்கள். 11 நாளில் அகணியின் உட்பகுதியில் அது இயல்பில் 27 சதவீதமாகச் சரிந்திருந்தது. சிறுநீர் நாளொன்றுக்கு 11 மில்லிலிட்டரிலிருந்து 30-க்கு ஏறியிருந்தது. கட்டளை வருகிறது, நிறைவேற்ற ஆளில்லை என்ற நிலை. புரதம் எங்கே போயிற்று? செல் தன் உறுப்புகளைத் தானே உறையிட்டுச் செரித்துக்கொள்ளும் தன்விழுங்கல் முறையில் அது அழிக்கப்படுகிறது என்று 2015-இல் ஓர் ஆய்வு காட்டியது; பற்றாக்குறையின் ஆரம்பத்திலேயே, சிறுநீர் பெருகத் தொடங்கும் கட்டத்திலேயே, இது நடந்துவிடுகிறது.

மார்ப்பிள்ஸின் எலிகளுக்குப் பொட்டாசியம் உள்ள உணவு திரும்பக் கிடைத்தபோது, 7 நாளில் புரதமும் சிறுநீர் அளவும் இயல்புக்கு வந்தன. புரதத்தைப் புதிதாக உண்டாக்கி, மடித்து, சவ்வருகே கொண்டு வைக்கச் செல்லுக்கு அந்த அவகாசம் வேண்டியிருக்கிறது. மனிதர்களில், பற்றாக்குறை மாதக்கணக்கில் இருந்திருந்தால், இந்த மீட்சி வாரக்கணக்கில் இழுக்கலாம். ஆகவே 3.8 என்ற எண்ணோடு வீட்டுக்குப் போகிறவர் இரவில் எழுந்துகொண்டிருப்பதில் வியப்பில்லை. தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளாதீர்கள் என்று அவரிடம் சொல்லி அனுப்ப வேண்டும். அந்த நாட்களில் அவரது சிறுநீரகம் நீரைப் பிடித்து வைக்காது.

மனிதச் சிறுநீரகத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் காட்சி எலியிலிருந்து வேறுபடுகிறது. எலியில் அகணியில் தெரியும் மாற்றம், மனிதனில் பெரும்பாலும் வெளியடுக்கான புறணியில், அண்மை சுருள் நுண்குழலில் தெரிகிறது. ஊசி வைத்து எடுத்த திசுவைச் சாயமேற்றிக் கண்ணாடித் தகட்டில் வைத்தால், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய செல்களுக்குள் பெரிய பெரிய வெற்று வட்டங்கள். உட்கரு ஓரத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். மின்னணு நுண்ணோக்கியில் நெருங்கிப் பார்த்தால் அவற்றில் பல, செல்லின் அடிப்புறச் சவ்வு மடிப்புகள் நீர் கோத்து விரிந்த இடைவெளிகள் என்று தெரியும். ரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய்க் குஞ்சங்கள் பெரும்பாலும் பழுதில்லாமல் இருப்பதையும் கவனிக்க வேண்டும். அதனால் யூரியா, கிரியாட்டினின் நன்றாக இருக்கும்போதே நுண்குழல் நோயுற்றிருக்க முடியும்.

இந்த நோயை மனிதர்களில் தெளிவாக வரைந்து காட்டியவர்கள் பாஸ்டனைச் சேர்ந்த வில்லியம் ஷ்வார்ட்ஸும் ஆர்னால்டு ரெல்மனும். 1953-இல் அவர்கள் எழுதியது மலமிளக்கி மாத்திரையை அளவுமீறிப் பழக்கிக்கொண்ட நோயாளிகளைப் பற்றி. குடல் வழியே நாள்தோறும் பொட்டாசியத்தை இழந்த அவர்களால் சிறுநீரை அடர்த்தியாக்க முடியவில்லை. பொட்டாசியத்தை ஈடுசெய்தபின் அந்தத் திறன் மீண்டது. 1956-இல் இருவரும் இதைத் தனியொரு சிறுநீரக நோயாக நிறுவி மீண்டும் எழுதினார்கள். மீளும் என்று அவர்கள் எழுதியது பெரும்பாலும் சரிதான். வட்டங்கள் மறைகின்றன. எலியில் பெருத்த குழல் மெலிகிறது, கூடுதலாகிப்போன செல்கள் முறைப்படி மடிந்து நீங்குகின்றன.

ஆனால் ஆண்டுக்கணக்கில் போனால் செல்களுக்கு இடைப்பட்ட வெளியில் நார்த்திசு படிகிறது, நுண்குழல்கள் சுருங்குகின்றன. அந்த நார் கரைவதில்லை. அகணியில் நீர்ப்பைகளும் தோன்றலாம். அட்ரினல் சுரப்பிக் கட்டியால் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் மிகையாகி, பொட்டாசியம் சிறுநீரில் கொட்டும் நோயை மிச்சிகனில் ஜெரோம் கான் 1954-இல் ஒரு 34 வயதுப் பெண்ணிடம் கண்டறிந்தார். இன்றும் அது அவர் பெயரால் வழங்குகிறது. அந்த நோயாளிகளில், அதுவும் பொட்டாசியம் மிகக் குறைந்தவர்களிடம், நீர்ப்பைகள் அதிகம் என்று 1990-இல் மேயோ கிளினிக் மருத்துவர்கள் எழுதினார்கள். காரணத்தை நீக்கியபின் நீர்ப்பைகள் சுருங்கியவர்களும் உண்டு.

சரி, பொட்டாசியத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது? வாய்வழி முடிந்தால் வாய்வழிதான் நல்லது. பொட்டாசியம் குளோரைடு சிரப் 15 மில்லிலிட்டரில் 20 மில்லிமோல் இருக்கும். உப்பும் கசப்புமாக வாயில் வைக்க முடியாத ருசி. ஒரு டம்ளர் தண்ணீரிலோ பழச்சாற்றிலோ கலக்கிக் கொடுக்காவிட்டால் வாந்தியாகப் போய்விடும். வாய்வழி முடியாதவருக்கு டிரிப்ஸ். 10 மில்லிலிட்டர் ஆம்ப்யூல் ஒன்றில் அதே 20 மில்லிமோல். சாதாரண வார்டில் அதை மணிக்கு 10 மில்லிமோலுக்கு மேல் ஏற்றுவதில்லை. இதயத் துடிப்பை மானிட்டரில் பார்த்துக்கொண்டே 20 வரை போவார்கள். நீர்க்கச் செய்யாமல் நேரடியாக ரத்தக்குழாயில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். நீர்த்துச் செலுத்தினாலும் 'கை எரியுது சிஸ்டர்' என்று நோயாளி சொல்வார். அது சும்மா சொல்லும் புகார் இல்லை, ஊசி ஏறிய இடத்தை உடனே பார்க்க வேண்டும். குளுக்கோஸ் நீரில் கலப்பதையும் தவிர்ப்பார்கள். குளுக்கோஸ் இன்சுலினைத் தூண்டும், இன்சுலின் இருக்கிற பொட்டாசியத்தையும் செல்லுக்குள் தள்ளிவிடும்.

எத்தனை பாட்டில் ஏற்றியும் அளவு ஏறவில்லை என்றால் மக்னீசியத்தைப் பார்க்க வேண்டும். முதன்மைச் செல்லில் பொட்டாசியம் வெளியேறும் கால்வாயை உள்ளிருந்து அடைத்து வைத்திருப்பது மக்னீசியம். அது குறைந்தால் அடைப்பு திறந்துகொள்கிறது. கொடுப்பதெல்லாம் சிறுநீரில் போகிறது. குளோரைடும் முக்கியம். வாந்தியாலோ நீர் மாத்திரையாலோ குறைந்தவருக்குக் குளோரைடு சேர்ந்த பொட்டாசியம் கொடுத்தால்தான் ரத்தத்தின் காரத்தன்மையும் சேர்ந்து தணியும். இளநீர் நல்லதுதான், 100 மில்லிலிட்டரில் 5 மில்லிமோல் போலக் கிடைக்கும். ஆனால் 300 மில்லிமோல் பற்றாக்குறையை இளநீரால் ஈடுகட்ட நினைத்தால் லிட்டர் லிட்டராகக் குடிக்க வேண்டும். பழைய மருந்து என்று அதிமதுரத்தை மாதக்கணக்கில் கஷாயமாகக் குடிப்பவர்களும் கவனிக்க வேண்டும். அதிலுள்ள கிளிசிரைசின், கார்ட்டிசோலை முடக்கும் நொதியைத் தடுத்து, ஆல்டோஸ்டிரோன் மிகுந்தது போன்ற நிலையை உண்டாக்கிப் பொட்டாசியத்தை இறக்கிவிடும்.

அவசரமும் ஆபத்துதான். தைராய்டு மிகையால் திடீரென்று கைகால் விழுந்தவரின் உடலில் பொட்டாசியம் குறையவில்லை, தசைக்குள் ஒளிந்திருக்கிறது. அவருக்கு அள்ளிக் கொடுத்தால் சில மணி நேரத்தில் தசை அதை வெளியே விடும்போது அளவு எல்லை மீறும். சோடியமும் குறைந்திருக்கும் நோயாளிக்கு இன்னொரு கவலை. செல்லுக்குள் பொட்டாசியம் நுழையும்போது அங்கே இடம்பிடித்திருந்த சோடியம் வெளியே வருகிறது. பொட்டாசியத்தை மட்டும் கொடுத்தாலும் ரத்தச் சோடியம் ஏறும். வேகமாக ஏறினால் மூளையின் நரம்புறைகள் சிதையும்.

கடைசியாக, நம் ஊர் மருத்துவமனைகளில் மறுபடி மறுபடி பார்க்கும் ஒரு வகை. இரவு நன்றாகப் படுத்த நடுத்தர வயதுப் பெண் காலையில் எழுந்து நிற்க முடியாமல் தூக்கி வரப்படுகிறார். பொட்டாசியம் 2-க்கு அருகில். டிரிப்ஸ், சிரப், வீடு. சில மாதத்தில் மறுபடி அதே கதை. இவரிடம் பைகார்பனேட்டையும் சிறுநீரின் அமிலத்தன்மையையும் பார்த்தால் விஷயம் வெளிப்படும்: ரத்தம் அமிலமாக இருக்கிறது, சிறுநீர் அமிலமாக மாட்டேன் என்கிறது. பற்றாக்குறையில் பெருத்துப் போராடும் அதே இடைச்செல்தான் இங்கே நோயுற்றிருக்கிறது. அமிலத்தை வெளியேற்ற அதனால் முடியவில்லை. ஷோகிரன் நோயில் உடலின் எதிர்ப்பாற்றல் கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்குவதுபோல் இந்தச் செல்களையும் தாக்குவதுண்டு. கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்துகிறதா, ஒரு கவளம் சோறு இறங்க ஒரு மடக்குத் தண்ணீர் வேண்டியிருக்கிறதா என்று கேட்டால், 'ஆமா, ரொம்ப வருஷமாவே இருக்கு' என்பார் சிலர். அவருக்கு முதலில் பொட்டாசியத்தை ஏற்றிவிட்டு, அதன்பின் காரம் கொடுக்க வேண்டும். முறை மாறினால் காரமே இருக்கிற பொட்டாசியத்தையும் செல்லுக்குள் தள்ளித் தசையை இன்னும் முடக்கும். பிறகு பொட்டாசியம் சிட்ரேட், நீண்டகாலத்துக்கு. சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று ஒரு ஸ்கேனும் எடுத்துவிட வேண்டும். மருந்தை அவர் நிறுத்திவிட்டால், இப்போது 4 என்று இருக்கும் எண் மறுபடி இறங்கத் தொடங்கும்.